தமிழ்ச் சனம் இருக்கும் பக்கம் வீடு எடுக்கலாமா? (ரொறன்ரோ)

5 மார்ச் 2023

வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே:

"ஜூன் மாதம் திருச்சியிலிருந்து ரொறன்ரோ வருகிறோம். நான், மனைவி, மூன்று வயதுப் பையன். ஆபீஸ் டவுன்டவுனில், யூனியன் ஸ்டேஷன் பக்கம். வாரம் மூன்று நாள் போக வேண்டும். ஸ்காபரோவில் வாடகை கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது. ஆனால் கனடாவில் இருக்கும் நண்பர்கள், 'அந்தப் பக்கம் எடுக்காதே, எல்லாம் நம்ம ஆளுங்கதான், அப்புறம் கனடா வந்ததற்கு என்ன அர்த்தம்? ஒருத்தரோடு ஒருத்தர் ஒட்டிக்கொண்டே கிடப்பார்கள், வேறு யாரோடும் கலக்க மாட்டார்கள்' என்கிறார்கள். உண்மையா?"

தம்பி, உங்கள் நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பக்கத்து நகரமான மிசிசாகாவில் நாலு தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார்கள் என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

வாடகைக்கு, என் கருத்து: ஸ்காபரோவில், அதாவது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், லோரன்ஸ் ஈஸ்ற் ஸ்டேஷன் பக்கம் பாருங்கள். ஆர்.ரி. என்கிற ஸ்காபரோ ரயிலைப் பிடித்தால் கென்னடி ஸ்டேஷன், அங்கிருந்து சப்வே. நவம்பரில் அந்த ரயிலை மூடப்போகிறார்கள், அதுவரை ஓடும். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன். வேலைக்கு நேரமாகிறது.

6 மார்ச்

"ஒட்டிக்கொண்டே கிடப்பார்கள்" என்ற சொல் இரவு முழுக்க மண்டைக்குள் ஓடியது. என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வந்தது 1990 நவம்பர். ஏயாப்போட்டில் இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு தொலைபேசி எண். ஊரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டு அண்ணையின் எண். அவர் இருந்தது செயின்ட் ஜேம்ஸ் டவுனில், வெலஸ்லியும் பார்லிமென்டும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இரண்டு அறை வீடு, ஆறு பேர். நான் ஏழாவது. ஹோலில் சோபா எனக்கு. அதுவும் இரவில்தான். பகலில் இரவுவேலை முடித்து வருகிறவர் அதில் படுப்பார்.

நான் ரொறன்ரோவைத் தேர்ந்தேனா, செயின்ட் ஜேம்ஸ் டவுனைத் தேர்ந்தேனா? அந்தச் சோபா தேர்ந்தது. அண்ணைக்கு முன்னால் இன்னொருவரின் சோபா இருந்திருக்கும். ஆட்டுமந்தை என்று எங்களைச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஊர் தெரியாத இடத்தில், பனியில், ஆங்கிலம் அரைகுறையாக நிற்கிறவனுக்கு யாருடைய கதவு திறக்குமோ அதுதான் பேட்டை.

அப்புறம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தனியாக வீடு எடுக்கப் பார்த்தோம். நல்ல தெருக்களில், பழைய அழகான வீடுகளின் மேல்மாடிகள். வேலைக் கடிதம் கேட்டார்கள், கிரெடிட் கேட்டார்கள், முந்தைய வீட்டுக்காரரின் பெயர் கேட்டார்கள். கோப்பை கழுவுகிறவனுக்கு எந்த முதலாளி கடிதம் கொடுப்பான்? பெரிய கோபுரக் கட்டடங்களில் மட்டும் இந்தக் கேள்வி இல்லை. முதல் மாதமும் கடைசி மாதமும் கையில் வைத்தால் சூப்பர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், திறப்பை (சாவியை) தருவார். அவ்வளவுதான் விசயம். அந்தக் கோபுரங்கள் 1960களில் கட்டப்பட்டவை, இளம் ஆபீஸ் உத்தியோகத்தருக்காக. அவர்கள் வேறு இடம் பார்த்துப் போனபின் வாடகைக்கு ஆள் தேவைப்பட்டது. எங்களுக்கு வீடு தேவைப்பட்டது.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கனடா எங்கள் ஆக்களுக்கு விசேட ஏற்பாடு செய்தது. 1986 ஆகஸ்டில் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்து, மீன்பிடிக்காரர் கண்டு ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் வந்தவர்கள் பலர் முதலில் இறங்கிய இடங்களில் ஒன்று இந்தக் கோபுரங்கள். நான் வந்தபோது லிப்டில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு நான் அழுதேன் என்று எழுதினால் பொய். "கதவைச் சாத்து, குளிர் வருது" என்று யாரோ ஏசியது, அவ்வளவுதான். ஆனால் ஏசியது விளங்கியது.

6 மார்ச், இரவு

ஒரு சிரிப்பு. செயின்ட் ஜேம்ஸ் டவுனுக்குப் பக்கத்துப் பேட்டையின் பெயர் கபேஜ்டவுன். எங்கள் மொழியில் கோவாப்பேட்டை (கோவா என்றால் முட்டைக்கோஸ்). பஞ்சத்தில் வந்த ஐரிஷ் ஏழைகள் வீட்டு முற்றத்தில் கோவா நட்டார்கள், அதனால் இந்தப் பெயர் என்பார்கள். 1847ஆம் வருடம் ஒரு கோடையில் 38,000க்கு மேற்பட்ட ஐரிஷ்காரர் ரொறன்ரோ துறையில் இறங்கினார்கள். அப்போது நகரத்தில் இருந்தது ஏறத்தாழ 20,000 பேர். காய்ச்சலில் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். இவர்களும் "ஒட்டிக்கொண்டு கிடந்தவர்கள்"தான். இப்போது அந்தக் கோவாப்பேட்டை வீடு ஒன்றை வாங்க நானும் என் ஆறு ரூம்மேற்றும் சேர்ந்து சீட்டுப் பிடித்தாலும் காணாது.

எங்கள் முற்றத்தில், அதாவது பல்கனியில், வெந்தயக்கீரை. ஆனால் வெந்தயப்பேட்டை என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

9 மார்ச்

திருச்சித் தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, கேட்டேன். மிசிசாகாதான். நாலு குடும்பம் இல்லை, ஆறு குடும்பம். ஒரே கட்டடம். ஒரே வாட்ஸப் குழு."

வேறு கருத்து இல்லை.

14 மார்ச்

இந்த ஊரில் பேட்டைகள் நடக்கும். கால் முளைத்து நடக்கும். இதை விளங்க எனக்குப் பதினைந்து வருடம் ஆனது.

இத்தாலியரைப் பாருங்கள். முதலில் டவுன்டவுனில், அப்புறம் கொலேஜ் வீதிப் பக்கம். அங்கிருந்து வடக்கே சென்ட் கிளேர் வீதி. 1982இல் இத்தாலி உலகக் கோப்பை வென்றபோது அந்த வீதியில் மூன்று லட்சம் பேர் கூடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அப்புறம் இன்னும் வடக்கே, நகரத்தின் வடக்கு எல்லையான ஸ்டீல்ஸ் வீதி தாண்டி, வுட்பிரிட்ஜ். பெரிய வீடு, இரண்டு கார், பேஸ்மென்டில் இரண்டாவது குசினி. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பாய்ச்சல், கிட்டத்தட்ட ஒரே திசையில்.

எங்களுடையது என்ன? செயின்ட் ஜேம்ஸ் டவுன், பிறகு ஸ்காபரோ, பிறகு ஸ்டீல்ஸ் தாண்டி மார்க்கம், கொஞ்சப் பேர் ஏஜக்ஸ். பெரிய வீடு, இரண்டு கார், பேஸ்மென்டில் இரண்டாவது குசினி. கிழக்குப் பக்கம் என்பதுதான் வித்தியாசம்.

நான் வேலை செய்த இடத்தில் ஒரு கிழ இத்தாலியர் இருந்தார், கொங்கிரீட்காரர். எழுபது தாண்டியும் வருவார். எங்கள் பெடியன்களைப் பார்த்து, "நீங்கள் நாங்கள்தான், முப்பது வருடம் பிந்தி வந்துவிட்டீர்கள்" என்பார். 1960 மார்ச் 17இல் யோர்க் மில்ஸ் பக்கம் தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்தில் ஐந்து இத்தாலியத் தொழிலாளிகள் மாட்டிச் செத்தார்கள். ஹொக்ஸ் ஹொலோ விபத்து என்று கேட்டால் அவர் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் இறுகின. அவர் அதைச் சொல்லும்போது மட்டும் வேலையை நிறுத்திவிட்டுத்தான் சொல்வார்.

இன்னொன்று. பேட்டைக்குப் பெயர்ப்பலகை வரும்போது அந்த ஆக்கள் பெரும்பாலும் போயிருப்பார்கள். கொலேஜ் வீதியில் "லிட்டில் இத்தாலி" என்று கம்பத்தில் எழுதியிருக்கிறது. போய் உட்கார்ந்தால் கோப்பி நன்றாயிருக்கும். ஆனால் அங்கே குடியிருக்கும் இத்தாலியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஜெராட் வீதி இன்னும் விநோதம். 1972இல் நாஸ் தியேட்டர் என்று ஒன்று தொடங்கி ஹிந்திப் படம் காட்டினார்கள். படம் பார்க்க வந்த சனத்துக்குச் சாப்பாட்டுக் கடை, புடவைக் கடை, நகைக் கடை என்று வீதி முழுக்க வந்தது. இந்தியா பஜார் என்று பெயர். அங்கே இந்தியர் குடியிருந்ததால் வந்த பஜார் அல்ல அது. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து, தோசை தின்று, சேலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். பஜார் வேறு, பேட்டை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் "அந்தப் பக்கம் முழுக்க உங்கட ஆக்கள்" என்கிறவர்கள்.

சீனரும் இப்படித்தான், எலிசபெத் வீதியை விட்டு ஸ்பதைனாவுக்கு வசதி பார்த்து நகர்ந்தார்கள்.

15 மார்ச்

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தனிமடலில் ஒருவர் சரியாகத் திட்டினார், அவர் சொல்வது சரி.

சீனர் வசதி பார்த்து நகரவில்லை. நகரசபை அவர்களது நிலத்தை எடுத்தது. இப்போது நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் நின்று படம் பிடிக்கிறோமே, அந்த இரண்டு வளைந்த கோபுரம் உள்ள புதிய நகர மண்டபம், 1965இல் திறந்தது, அது நிற்பது பழைய சைனாடவுனின் மேல். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதற்கு முன் அந்த இடத்துக்கு "வார்ட்" என்று பெயர். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பர், ஐரிஷ், யூதர், இத்தாலியர், சீனர் என்று வந்தவர் எல்லோரும் முதலில் ஒதுங்கிய இடம். மிச்சத்தையும் எடுக்கப் பார்த்தபோது ஜீன் லம்ப் என்ற பெண்மணி முன்னின்று சைனாடவுனைக் காக்க இயக்கம் நடத்தினார். பிறகு 1976இல் நாட்டின் உயர்ந்த விருதை அவருக்கே கொடுத்தார்கள்.

அந்தச் சைனாடவுன் ஏன் முழுக்க ஆண்களாக இருந்தது என்பதற்கும் காரணம் சட்டம்தான். 1885இல் தலைக்கு 50 டொலர் வரி, 1900இல் 100, 1903இல் 500. பிறகு 1923 முதல் 1947 வரை கதவையே பூட்டினார்கள். மனைவியைக் கூப்பிட முடியாதவன் பக்கத்து அறைக்காரனோடுதான் சாப்பிடுவான். அதைப் பார்த்து "இவர்கள் தங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்" என்று எழுதியிருப்பார்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்.

என்னுடைய "பேட்டைகள் நடக்கும்" என்ற வசனம் அழகாக இருந்ததால் அவசரப்பட்டுவிட்டேன். சில பேட்டைகள் நடக்கும், சிலதைத் தள்ளிவிடுவார்கள். எக்ளிண்டன் வெஸ்ற்றில் லிட்டில் ஜமேக்கா இருக்கிறது. 2011இலிருந்து ரயில் போடுகிறோம் என்று வீதியைப் பல வருடம் கிண்டி வைத்திருந்தார்கள். முடிவெட்டும் கடைகளும் ரெக்கே இசைத்தட்டுக் கடைகளும் வாசலில் வேலி. யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் வர வழியிருக்கவில்லை.

2 ஏப்ரல்

"குவிகிறார்கள்" என்று யாரைச் சொல்கிறோம்?

செயின்ட் ஜேம்ஸ் டவுனிலிருந்து ஷெர்போர்ன் பாலம் தாண்டி நடந்தால் ரோஸ்டேல். மரம், மாளிகை, நிசப்தம். பழைய பணக்காரர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள், பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குவிந்தவர்கள் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

1984இல் ஸ்காபரோ அஜின்கோர்ட் பக்கம், சறுக்குச் சப்பாத்து விளையாடும் ஒரு மண்டபத்தை டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதியாக மாற்றினார்கள். அந்த வகையில் முன்னோடி. கார் நிறுத்த இடமில்லை, வீதி நெரிசல் என்று முறைப்பாடு. கூட்டம் போட்டார்கள். கார் பற்றிய கதை கொஞ்ச நேரத்தில் ஆட்கள் பற்றிய கதையாகிவிட்டது, துண்டுப்பிரசுரமும் வந்தது. 1995இல் மார்க்கத்தின் உதவி மேயர் கரோல் பெல், சீனர் ஒரே இடத்தில் அதிகமாகச் சேர்வதால் பழைய குடிகள் வெளியேறுகிறார்கள் என்ற கருத்தில் பேசி, சுற்றியுள்ள நகரங்களின் மேயர்கள் சேர்ந்து கண்டிக்கிற அளவுக்குப் போனது. இரண்டு வருடத்தில், 1997இல், அதே மார்க்கத்தில் ஸ்டீல்ஸ் கரையில் பசிபிக் மோல் திறந்தது. இப்போது சுற்றுலாப் பயணிகள் பஸ்ஸில் வந்து பார்க்கிறார்கள்.

"கலக்க மாட்டார்கள்" என்பதற்கும் ஒரு கணக்கு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி ரொறன்ரோவில் 46.6 சதவீதம் பேர் குடியேறி வந்தவர்கள். கிட்டத்தட்ட பாதி. அப்படியானால் யாரோடு யார் கலக்க வேண்டும்? நான் பிறகு ஸ்காபரோவில் இருந்த மார்க்கம் வீதிக் கட்டடத்தில் என் மாடியில் பதினாலு கதவு. நாலு தமிழ். மிச்சம் பிலிப்பினோ, ஆப்கான், ஜமேக்கா, ஒரு பழைய ஸ்கொட்லாந்துக் கிழவி. லிப்ட் பழுதானால் எல்லோரும் படியில் கலந்தோம்.

(லிப்ட் அடிக்கடி பழுதானது.)

20 ஏப்ரல்

இதை எழுதலாமா விடலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். மேலே இவ்வளவு நியாயம் கதைத்துவிட்டு இதை மறைத்தால் சரியில்லை.

2006இல் மார்க்கத்தில் வீடு வாங்கினோம். சீட்டுக் காசு, மச்சானிடம் கடன், மனைவியின் நகை. மோர்ட்கேஜ் கட்டப் பேஸ்மென்டை வாடகைக்கு விட வேண்டிய நிலை. தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டேன். "சிறிய தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்."

ஒரு பெடியன் வந்தான். கானாவிலிருந்து வந்து பகுதிநேரம் படிக்கிறவன். பக்கத்துக் கடை நோட்டீஸ் பலகையில் யாரோ ஒட்டிய என் நம்பரைப் பார்த்து வந்தானாம். மரியாதையான பிள்ளை. முதல் மாதம், கடைசி மாதம் இரண்டையும் கவரில் கொண்டுவந்திருந்தான். நான் "எடுத்தாச்சு" என்றேன். எடுக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், அவனுக்குத் தெரிந்துவிட்டது. 1991இல் அந்த அழகான தெருக்களின் கதவுகளில் நான் நின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சட்டப்படியும் பிழை. குசினியையும் குளியலறையையும் நம்மோடு பங்குபோடாத வீட்டுக்கு இன்ன இனம் என்று ஆள் பிரிக்க ஒன்ராறியோவில் முடியாது. அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பயம். "எங்கட ஆக்கள் என்றால் பிரச்சினை வந்தாலும் சொந்தக்காரரிடம் சொல்லிப் பேசலாம்" என்ற கணக்கு.

அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்த தமிழ்க் குடும்பம் நாலு மாத வாடகை தராமல் ஓர் இரவில் போனது. கடவுள் இருக்கிறார்.

21 ஏப்ரல்

நேற்றைய குறிப்புக்குக் கோபமாகப் பல மடல்கள். "எங்கட சனத்தைக் காட்டிக்கொடுக்கிறீர்" என்று ஒருவர். வாடகை தராமல் போனது அவருடைய தம்பியோ தெரியாது.

ஒரு மடல் மட்டும் யோசிக்க வைத்தது. சோபாவைப் பற்றி 6ஆம் திகதி நான் எழுதியதையும் இதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் ஒரு வாசகி. "சோபா கொடுத்த அண்ணையும் தெரிந்த ஆளுக்குத்தான் கொடுத்தார், நீங்களும் தெரிந்த ஆளுக்குத்தான் கொடுத்தீர்கள். ஒன்று உதவி, மற்றது ஒதுக்கல். எங்கே மாறியது?" பதில் உடனே வரவில்லை. அண்ணை காசு கேட்கவில்லை, தன் சோறில் பாதியைத் தந்தார். நான் காசுக்கு விட்டேன், வந்தவனும் முழுக் காசோடு வந்தான். அந்த இடத்தில் மாறியிருக்கலாம்.

28 மே

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். பேட்டை பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித்தான்.

மார்க்கம் வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். தனி அறை, தனிக் குளியலறை. ஊரில் நாங்கள் கனவு கண்ட வீடு. ஆறு மாதத்தில் அம்மா வாடிவிட்டார். "வீடு பெரிசு, நடக்க இடமில்லை" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. வாசலில் அகலமான நடைபாதை இருக்கிறதே!

ஸ்காபரோவில் அம்மா என்ன செய்தார் என்று பிறகுதான் யோசித்தேன். காலையில் மார்க்கம் வீதிக் கடைக்கு நடந்துபோய்க் கீரை வாங்குவார். ஒரு கட்டு வாங்க ஒன்றரை மணித்தியாலம். வெள்ளிக்கிழமை பஸ்ஸேறித் தனியாகக் கந்தசாமி கோயிலுக்குப் போவார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் 102ஆம் நம்பர் பஸ் எங்கே நிற்கும், எங்கே மாற வேண்டும் என்று எனக்கே சொல்வார். மார்க்கம் வீட்டில் ஒரு மல்லித்தழை வாங்கவும் மகன் கார் எடுக்க வேண்டும். மகன் வேலைக்குப் போய்விட்டான். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஜன்னலால் பார்த்தால் எல்லா வீட்டுக் கராஜ் கதவும் சாத்தியிருக்கும்.

ஸ்காபரோவின் வீதிகள் கார்க்காரருக்காகப் போட்டவை. போருக்குப் பிந்திய காலத்துத் திட்டம், எல்லாம் தூரம் தூரம். ஆனால் பிரதான வீதிகளின் ஓரம் கோபுரங்கள் கட்டினார்கள், பஸ் ஓடியது, கோபுரத்தடியில் பிளாசா இருந்தது. கார் இல்லாத சனம் வந்து அந்த பிளாசாக்களைத் தங்கள் ஊர்ச் சந்தையாக்கியது. திட்டம் போட்டவர் யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்.

முதியோர் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்து ஏழு வருடம் காத்திருந்து, 2013இல் அம்மா ஸ்காபரோவுக்குத் திரும்பினார். ஊரில் கேட்டவர்கள் "மகன் தாயைத் தள்ளிவிட்டான்" என்றார்கள். அம்மா திறப்பை வாங்கிய அன்று சிரித்த சிரிப்பை அவர்கள் பார்க்கவில்லை.

அங்கே கதை இன்னும் நன்றாகப் போகிறது. அம்மாவின் மாடியில் ஐந்து தமிழ்ப் பாட்டிகள். இரண்டு கட்சி. உடுப்புத் தோய்க்கும் மெசின் பற்றி 2015இல் தொடங்கிய பகை, இன்னும் முடியவில்லை. அம்மா தினமும் தேத்தண்ணி குடிப்பது ஒரு கயானா நாட்டுப் பாட்டியோடு. அவருக்குத் தமிழில் ஒரு வசனம் வராது, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அவரது குடும்பப் பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர். கொள்ளுப்பாட்டன் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். மாரியம்மன் என்றால் இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மிச்சத்துக்கு டீவி.

"ஒருத்தரோடு ஒருத்தர் ஒட்டிக்கொண்டே கிடப்பார்கள்" என்றார்களே, அந்த மிசிசாகா நண்பர்களை ஒரு நாள் அம்மாவின் தோய்க்கும் அறைக்கு அனுப்ப வேண்டும்.

25 ஜூலை

நேற்றுப் பின்னேரம் ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. ஐந்து பேருக்குச் சிறு காயம், பெரிதாக ஒன்றும் இல்லை. 1985இலிருந்து ஓடியது. "நவம்பர் வரை ஓடும்" என்று நான் மார்ச்சில் எழுதியதை எவரோ எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். நன்றி.

திருச்சித் தம்பி என் பேச்சைக் கேட்டு லோரன்ஸ் ஈஸ்ற்றில் எடுத்தாரா என்று தெரியவில்லை. வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எடுத்திருந்தால் மன்னிக்கவும்.

27 ஜூலை

எடுக்கவில்லையாம். நல்ல காலம். அவர் மனைவி நான் எழுதிய எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "இந்த அண்ணா கதை சொல்கிறார், வழி சொல்லவில்லை" என்றாராம். அவரே வரைபடத்தைப் பார்த்து, எக்ளிண்டன் கோ ஸ்டேஷனிலிருந்து (கோ என்பது புறநகர் ரயில்) யூனியனுக்கு நேரே ரயில் இருக்கிறதென்று கண்டுபிடித்து, அங்கே நடக்கக்கூடிய தூரத்தில் மார்க்கம் வீதிக் கட்டடம் ஒன்றில் எடுத்திருக்கிறார்கள். முப்பத்துமூன்று வருடம் இங்கே இருக்கிற எனக்கு இது தோன்றவில்லை. கோ ரயில் என்றால் காசுக்காரர் போவது என்று 1990இல் யாரோ சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

3 செப்டம்பர்

ஆர்.ரி. திரும்ப ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். இனி பஸ்தான். அம்மாவுக்குக் கவலை இல்லை, "ரயில் எனக்கு எப்பவும் பயம்" என்கிறார்.

8 அக்டோபர்

தம்பியிடமிருந்து நீண்ட மடல். சுருக்கித் தருகிறேன், அனுமதி வாங்கிவிட்டேன்.

கட்டடத்தில் "நம்ம ஆளுங்க" என்று நினைத்து முதல் நாள் லிப்டில் பேசினார்களாம். அவர்கள் சொன்னதில் பாதிதான் விளங்கியது. எங்கள் ஆக்களுக்கு இவர்கள் சொன்னது சினிமாத் தமிழாகத் தெரிந்திருக்கும். ஏழாம் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வீட்டிலேயே நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பையனை அங்கே விடுகிறார்கள். மற்ற மூன்று பேர்: ஒரு பிலிப்பினோப் பிள்ளை, ஒரு ஆப்கான் பிள்ளை, அவருடைய சொந்தப் பேத்தி. பையன் இப்போது "ஆமாம்" என்பதில்லை, "ஓம்" என்கிறான். சாப்பாடு நன்றாயிருந்தால் "வடிவா இருக்கு" என்கிறான், வடிவு என்றால் அழகு, இது யாழ்ப்பாணத்திலும் பிழைதான், ஆனால் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். திருச்சித் தாத்தா வீடியோவில் பார்த்து, "இவன் யார் வீட்டுப் பிள்ளை?" என்றாராம்.

மிசிசாகா நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். கொத்துரொட்டிக்கு. கலக்க.

போன கிழமை ஒரு சம்பவம். வேலை முடிந்து மனைவி பையனைக் கூப்பிடப் போகும் வழியில் அந்த அம்மா போன் எடுத்து, "கெதியா வாங்கோ பிள்ளை, தம்பியை வெளிக்கிடுத்தி வைச்சிருக்கிறன்" என்றிருக்கிறார். உடுப்பு மாற்றி, சப்பாத்துப் போட்டு, புறப்படத் தயாராக வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். திருச்சிக் காதுக்கு "வெளிக்கி" என்றால் வேறு. பாவம், பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது என்று நினைத்துப் பதறி ஏழு மாடியும் படியால் ஓடியிருக்கிறார். லிப்ட் பழுது.

கதவைத் திறந்தால் பையன் குளிர்ச்சட்டை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, பையை முதுகில் மாட்டி, சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவர் ஒன்றும் பேசாமல் அவன் கால்சட்டையைத்தான் முதலில் தடவிப் பார்த்தாராம்.

அந்த அம்மா என்ன நினைத்திருப்பார் என்று தம்பி என்னைக் கேட்கிறார். இன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். தேத்தண்ணி சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கயானாப் பாட்டிக்கு அதைக் கையால் நடித்துக் காட்டினார், அவரும் சிரித்தார். எதை விளங்கிக்கொண்டு சிரித்தார் என்று எனக்குத் தெரியாது.